என் பலவீனம் கடின உழைப்பு, அய்யா

அனுப்புநர்:
ஜெராக்ஸ் கடைக்காரன்,
டிரங்க் ரோடு, பூந்தமல்லி.

பெறுநர்:
உயர்திரு மனிதவளத் துறை,
கண்ணாடிக் கட்டடம், ஏழாவது மாடி.
(கம்பெனி பெயரைப் போட்டால் நாளை என் வாடிக்கையாளர் ஒருவருக்கும் அங்கே வேலை கிடைக்காது. ஆகவே போடவில்லை.)

பொருள்: ஒரே பயோடேட்டாவைப் பல ஆண்டுகளாகத் தாங்கள் புதிதுபுதிதாகப் படித்துவருவது தொடர்பாக.

பார்வை: 'வி வில் கெட் பேக் டு யூ' என்ற தங்கள் வாய்மொழி உத்தரவு. நாள் குறிப்பிடப்படவில்லை.

மதிப்பிற்குரிய துறை அவர்களுக்கு,

வணக்கம். நான் தங்களிடம் சம்பளம் வாங்காத ஊழியன். தாங்கள் வேலைக்கு எடுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்புகிறவன். காட்டுப்பாக்கம், கரையான்சாவடி, நசரத்பேட்டை, திருமழிசை என்று நாலாபக்கத்திலிருந்தும் வருவார்கள். பகலில் வரமாட்டார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு, நான் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, குனிந்து உள்ளே நுழைவார்கள். "அண்ணே, ஒரு ரெஸ்யூம் அடிக்கணும். காலைல இன்டர்வியூ."

எப்போதோ ஒரு கல்லூரிப் பையன் பென் டிரைவை மறந்து கடையிலேயே விட்டுப்போனான். அதில் இருந்த பயோடேட்டாதான் இந்த வட்டாரத்தின் மூலப்பத்திரம். தலையில் 'ஆப்ஜெக்டிவ்' என்று ஆங்கிலத்தில் நாலு வரி. சவாலான சூழலில் என் திறமையை நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பயன்படுத்துவேன் என்கிற மாதிரி ஏதோ வரும். அதில் 'சேலஞ்சிங்' என்ற சொல்லில் ஓர் 'எல்' குறைகிறது. முதலில் திருத்தலாம் என்றுதான் நினைத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அப்படியே விட்டுவிட்டேன். நெய் டின்னில் முத்திரை இருப்பதுபோல, என் சரக்குக்கு அது முத்திரை. அந்த 'எல்' இல்லாத சவாலைத் தாங்கள் எத்தனை நூறு முறை படித்து, தலையாட்டி, "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்று ஆரம்பித்திருப்பீர்கள்!

பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் இங்கேதான். கடையில் இருப்பது ஒரே கோட்டு, கருநீலம். ஒல்லிப் பையன் போட்டால் தொளதொளவென்று தொங்கும், ஆகவே முதுகுப்பக்கம் துணி கிளிப்பை நாலு இடத்தில் குத்தி இழுத்துவிடுவேன். குண்டான பையனுக்கு முதுகுத் தையலையே பிரித்துவைத்திருக்கிறேன். போட்டோவில் முன்பக்கம் கச்சிதமாக வரும். டை முடிச்சுப் போட்டே தொங்குகிறது, தலைவழியாக மாட்டினால் போதும்.

கேள்விகளிலும் தாங்கள் எனக்குச் சிரமம் வைப்பதில்லை. பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து ஆண்டில் எங்கே இருப்பாய், உன்னை ஏன் எடுக்க வேண்டும். இதற்கான பதில்கள் ஒரு பக்கத்தில் அடங்கும். கலர் பிரிண்ட் பத்து ரூபாய், லேமினேஷன் தனி. பலவீனம் என்று கேட்டால், "வேலை என்று உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது, அதுதான் என் பலவீனம்" என்று தலையைக் குனிந்து சொல்ல வேண்டும். இந்தப் பதிலைக் கேட்டதும் தாங்கள் ஏதோ குறித்துக்கொள்வதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். என்ன குறிக்கிறீர்கள் என்று தெரிந்தால் அதையும் ஷீட்டில் சேர்த்துவிடுவேன்.

எப்போதாவது சறுக்கும். டெலிவரி வேன் ஓட்டும் வேலைக்குப் போன பையனின் பொழுதுபோக்கு 'ரீடிங் புக்ஸ்' என்று இருந்தது. என் வார்ப்பில் இருந்ததுதான், அவன் பார்க்கவில்லை. கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். "எல்.எல்.ஆர். புக் மேடம்" என்றிருக்கிறான். அந்த வேலைக்கு அதைவிடச் சரியான புத்தகம் எது என்று எனக்குப் புரியவில்லை. தாங்கள் அவனை எடுக்கவில்லை.

தங்கள் முறை இவ்வளவு சிறப்பானது என்பதால் போன வருஷம் கடைக்கு ஆள் தேவைப்பட்டபோது நானும் அதையே கையாண்டேன். முதலில் வந்த பையன் தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தான். நான் அடித்துக்கொடுத்ததுதான், எனக்கே மனப்பாடம். அடுத்து சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு பெண். ஐந்து வருஷத்தில் உன்னை எங்கேம்மா பார்க்கிறாய் என்றேன். அவள் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். "அஞ்சு வருஷத்துல இந்தக் கடை இருக்குமாண்ணா? எல்லாத்தையும் போன்லயே அனுப்பிடறாங்களே."

எனக்குச் சுருக்கென்றது. பதில் யோசிப்பதற்குள் மெஷினில் பேப்பர் மாட்டிக்கொண்டு கீச்கீச் என்றது. நான் எழுந்திருக்குமுன் அவள் போய் சுவிட்சை அணைத்தாள். பக்கக் கதவைத் திறந்து, லீவரை இறக்கி, ரோலர் சுற்றும் திசையிலேயே இரண்டு கையாலும் தாளை இழுத்தாள். வெளியே வந்த தாளை விரித்துப் பார்த்தாள், மூலையில் ஒரு துண்டு குறைந்தது. மறுபடி குனிந்து, அந்தத் துண்டையும் எடுத்த பிறகுதான் கதவை மூடினாள். மூன்றாவது ஆளை நான் பார்க்கவில்லை.

அவளையும் தாங்கள் பார்த்தீர்கள். டேட்டா என்ட்ரி வேலை, மூன்றாவது ரவுண்டு. ஏன் எங்கள் கம்பெனிக்கு வர விரும்புகிறீர்கள் என்றதற்கு, "வீட்லேர்ந்து ஒரே பஸ் சார்" என்றாளாம். 'கல்ச்சர் ஃபிட் இல்லை' என்று மெயில் வந்தது. அதையும் இங்கேதான் பிரிண்ட் எடுத்தாள். தங்கள் கலாசாரம் எத்தனை பஸ் மாறி வருகிறது என்று தெரிவித்தால், வருகிற பிள்ளைகளிடம் சொல்லிவைப்பேன்.

ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு இவ்வளவு பேச்சு ஏன் என்று நினைக்கக்கூடும். ஸ்பைரல் போடும்போது எனக்குப் படிக்கிற வழக்கம் உண்டு. எம்.பி.ஏ. புராஜெக்ட், சட்டக் கல்லூரி நோட்ஸ், டி.என்.பி.எஸ்.சி. வினா-விடை எல்லாம் என் கை வழியாகத்தான் போகின்றன.

சட்ட நோட்ஸில் அஜய் ஹாசியா வழக்கு என்று ஒன்று இருக்கிறது. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத்துக்கு 50. நேர்முகம் நடந்ததோ ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம். கேட்டது அப்பா யார், வீடு எங்கே என்பது மாதிரி. நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் வைத்தால் அது தான்தோன்றித்தனம் என்றது உச்ச நீதிமன்றம். தங்கள் இன்டர்வியூவில் "ஃபாதர் என்ன பண்றார்?" என்பது இன்றைக்கும் இரண்டாவது கேள்வியாக இருக்கிறது. தாங்கள் அரசு நிறுவனம் இல்லை, தீர்ப்பு தங்களைக் கட்டாது. தெரிந்துதான் சொல்கிறேன்.

அரசாங்கமே இந்தச் சடங்கைப் பாதி கைவிட்டுவிட்டது. மத்திய அரசில் குரூப் சி பதவிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி பதவிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகம் கிடையாது. இங்கே குரூப் 4-க்கு 200 கேள்வி, 300 மதிப்பெண், அத்தோடு சரி. வி.ஏ.ஓ. ஆகப்போகிறவரிடம் யாரும் பலவீனத்தைக் கேட்பதில்லை. ஊர் ஜனங்களே பிறகு கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

எம்.பி.ஏ. புராஜெக்டில் பார்த்தது இன்னும் சுவாரஸ்யம். சாக்கெட் என்கிற பேராசிரியரும் கூட்டாளிகளும் 2022-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரும்பக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். தேர்வில் வாங்கும் மதிப்பெண் பின்னால் வேலையில் எவ்வளவு பலிக்கிறது என்பது கணக்கு. முழுக்கப் பலித்தால் 1. எல்லோருக்கும் ஒரே கேள்வி, முன்கூட்டியே வகுத்த மதிப்பெண் என்று ஒழுங்காக நடத்தும் நேர்காணலுக்கு 0.42. வாய்க்கு வந்ததைக் கேட்டு அரட்டையடிப்பதற்கு 0.19. செய்து காட்டச் சொல்வதற்கு 0.33. என் பேப்பர் ஜாம் பரீட்சையைவிட ஒழுங்கான நேர்காணல் மேல் என்று அந்தக் கணக்கு சொல்வதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் தாங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் 0.19.

வேறு மாதிரியும் நடக்கிறது. திருமழிசை எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறைக் கம்பெனி. ஐ.டி.ஐ. முடித்த பையன் என் ஷீட்டை நெட்டுருப் போட்டுக்கொண்டு போனான். மேசை ஓரத்தில் இருந்த பெரியவர் எதையும் கேட்கவில்லையாம். வெர்னியரைக் கையில் கொடுத்து, முன்னால் கிடந்த ஒரு புஷ்ஷை அளக்கச் சொன்னார். பையன் அளக்குமுன் தாடைகளை மூடி ஜீரோ எரர் இருக்கிறதா என்று பார்த்தான். "திங்கட்கிழமை வந்துடு" என்றாராம் அவர். பையன் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்துப் பத்து ரூபாய் கேட்டான். லேமினேஷன் போட்டதற்குப் பணம் திரும்பாது என்றேன்.

தலைக்கு மேலே போகும் மெட்ரோவைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை ஓட்டுநர் இல்லாத ரயிலை விட்டுப் பார்த்தார்கள். தண்டவாளத்தில் ஏற்றி ஓட்டித்தான் பார்த்தார்கள். எதிரே உட்காரவைத்து, அழுத்தமான சூழலை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டதாகத் தகவல் இல்லை.

இன்னொன்று, எங்கள் ஊர்ப் பெருமை. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. பூத்தொடுத்து எடுத்துக்கொண்டு போய்க் காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவர். தள்ளாத வயதில் அவரால் நடக்க முடியாமல் போனபோது வரதரே பூந்தமல்லிக்கு வந்து காட்சி கொடுத்தார் என்பார்கள். முதலாளி வீடு தேடி வந்த ஊர். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வார்களாம். ராமானுஜரின் சந்தேகங்களை நம்பி கொண்டுபோய்ச் சொல்ல, பதில் ஆறு வார்த்தைகளாக வந்தது. கவனியுங்கள், கேள்வி ஊழியர் பக்கம், பதில் முதலாளி பக்கம். தாங்களோ கடைசியில், "எனி கொஸ்டின்ஸ் ஃபார் அஸ்?" என்று கேட்டுக்கொண்டே ஃபைலை மூடிவிடுகிறீர்கள்.

அதனால் இப்போதெல்லாம் பிரிண்ட்டோடு சில விஷயங்களை இலவசமாகச் சொல்லி அனுப்புகிறேன். மூன்று நிமிஷம் பேச முடியாத எதையும் பயோடேட்டாவில் வைக்காதே. நீ கெடுத்து நீயே சரிசெய்த வேலை ஒன்று இருந்தால் அதைச் சொல். பத்து மணி இன்டர்வியூ என்றால் ஏழரைக்கு 154-இல் ஏறு, போரூர் யாருக்காகவும் காத்திருக்காது. கேள்வி உண்டா என்று கேட்டால், "இந்த இடத்தில் முன்னால் இருந்தவர் ஏன் போனார்?" என்று கேள். கேட்டவன் ஒருவன் வந்து சொன்னான், உள்ளே இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

ஆகவே, சமூகம் தயைகூர்ந்து கேள்விகளை மாற்றுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாவிட்டால் முன்கூட்டித் தெரிவிக்கவும். கார்ட்ரிட்ஜ் விலை ஏறிவிட்டது, ஷீட்டை மொத்தமாக அடித்து வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன்.

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்த பிறகு, நேற்று ராத்திரி ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு அம்மா வந்தார். கழுத்தில் தங்கள் கம்பெனியின் பட்டை, அட்டை மட்டும் இல்லை. ஆள்குறைப்பாம், காலையில் வேறு இடத்தில் இன்டர்வியூவாம். என் வார்ப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிக் காட்டினேன். திரையில் விரலை வைத்து 'ஆப்ஜெக்டிவ்' நாலு வரியையும் நிதானமாகப் படித்தார். "ரொம்ப நல்லா இருக்குண்ணா. அப்படியே போட்டுடுங்க, அஞ்சு காப்பி."