நூறு எம்பிபிஎஸ் பவுசு

வாப்பு, உக்காரு. வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் லைன் போட்டுட்டியாமே? குன்றக்குடி முழுக்கத் தமுக்கடிக்காத குறைதான். சரி, அது நூறு மெகாபிட்டா, நூறு மெகாபைட்டா?

முழிக்கிறியே! எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு. கம்பெனிக்காரன் லைனை விக்கிறது பிட்டுக் கணக்குல. நீ எறக்குற சினிமாவுக்கு அளவு பைட்டுக் கணக்குல. நூறை எட்டால வகு. விநாடிக்குப் பன்னெண்டரை மெகாபைட்டுதான். ஒன்றரை ஜிபி படம் பதினஞ்சு விநாடியில வந்துருமின்னு குந்தியிருந்தே. ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னதும் குய்யோ முறையோன்னு கத்துனே. தம்பிடி பிசகாம வட்டி போட்ட சீமையில பொறந்துட்டு இதைக் கேக்க வேணாமா?

கேம் ஆடுறப்ப திக்குதுன்னு இன்னும் பெரிய பிளானுக்கு மாறப் போறியாம். அடப் பாவி! தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி நம்மூருல கூடித்தானே பழனிக்கு நடக்குது? ரோட்டை அகலமாக்குனா ஆளு நெருக்காம நடக்கலாம். பழனி ஒரு முழமாச்சும் கிட்ட வருமா? அந்த அகலந்தான் பேண்ட்வித்து. நடந்து சேர ஆகுற நேரம் லேட்டன்சி. கேமு திக்குறது பெரும்பாலும் ரெண்டாவதால. நீ காசைக் கொட்டுறது மொதலாவதுக்கு.

சிங்கப்பூருலேருந்து உங்கண்ணன் வீடியோவுல பேசுறான்ல? சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல ஐடூஐன்னு ஒரு கேபிளு 2002-லேருந்து கடலடியில கெடக்கு. சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் விநாடிக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். அந்த வழியில போய்த் திரும்ப 32 மில்லி விநாடி ஆகும். எந்தக் கொம்பன் பிளான் வித்தாலும் அதுக்குக் கீழ எறங்காது. கப்பல்ல கடுதாசி வந்த காலத்துல வாரக்கணக்கா வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தாக ஆச்சிமாரு. உனக்கு அரை நொடி மூஞ்சி ஒறைஞ்சா ரூட்டர் தலையில ரெண்டு தட்டு!

ஆமா, அந்த ரூட்டரை எங்க வச்சிருக்கே? முகப்புலயா? வார போறவுக பாக்கணுமின்னா? நீ படுத்துக்கிட்டுப் படம் பாக்குறது ரெண்டாங்கட்டுல. நடுவுல உங்க பாட்டன் எழுப்புன சுவரு இருக்கே, அது என்ன அட்டையா? 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குக் கனத்த சுவருன்னாலே ஆகாது. 2.4 மட்டும் வேகம் கொறைச்சலுன்னாலும் கொஞ்சம் நுழைஞ்சு வரும். லைன் சரியாத்தான் வந்து நிக்கிது. வீட்டுக்குள்ள வைஃபைதான் நொண்டுது. ரெண்டும் வேற வேறன்னு தெரியாமலா பெரிய பிளான் கேட்டே?

கெளம்பு. இருவது மீட்டர் லேன் வயரு வாங்கியாந்து ரூட்டரை வளவுக்குக் கொண்டுபோ. கேம் ஆடுற பொட்டியில நேரா வயரையே குத்து. பெரிய பிளானுக்குன்னு எடுத்து வச்ச காசு இருக்குமே, அதுல எனக்கு ரெண்டு வெத்தலைக் கட்டு.

அப்படியே அந்தப் பாஸ்வேர்டை எம்போனுல போட்டுக் குடுத்துட்டுப் போப்பு. எங்க திண்ணைக்குச் சிக்னலு நல்லாத்தான் வருது.