மௌனம் காக்கும் வாயிற்காவலன்

ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் 16 ஆண்டுகள் பேசாதிருந்த நம்மாழ்வார், மதுரகவியார் தகுந்த கேள்வி கேட்டதும் வாய் திறந்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். அவ்வூர்வாசி ஒருவர் கணினியிலுள்ள பாசுர ஒலிப்பதிவுகளைக் கூடத்து ஸ்குவீஸ்பாக்ஸில், அதாவது 2012இல் தயாரிப்பு நின்றும் ஓய்வுபெற மறுக்கும் இசைப்பெட்டியில், கேட்க முனைந்தால் எதிர்ப்படும் ஃபயர்வாலும் அத்தகைய மௌனியே. வரும் தரவைப் போர்ட் எனப்படும் துறையின் எண் பார்த்து உள்ளே விடும் அம்மென்பொருட் காவலன், மறுப்பதைக்கூடச் சொல்லாமலே மறுப்பான். 9000, 3483 ஆகிய துறைகளைத் திறந்தவரும், பின்னதில் ஒப்புகை கேட்டு அனுப்பும் டிசிபி முறையோடு, கேளாமல் வீசிவிடும் யுடிபி முறைக்கும் வழிவிட மறந்தால், பெட்டி, கணினியிலிருந்து பாட்டை அனுப்பும் சர்வர் மென்பொருளைத் தேடிக்கொண்டே இருக்கும். பொறுமையிழந்தோர் காவலனையே வீட்டுக்கு அனுப்பிவிடுவதுண்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பலுக்காகச் சுங்கத்தையே மூடுவதற்கு ஒப்பான இச்செயலால் பாட்டு உடனே வரும், அதன் பின்னால் யார் வந்தாலும் கேட்க ஆளிராது.