உபயம்: ஓர் உயிர்

புங்குடுதீவில் ஒரு வீடு கட்டுவதென்றால் வேலணைப் பிரதேச சபையிடம் அனுமதி எடுக்கவேண்டும். காணி உறுதி, வரைபடம், கட்டணம், கையொப்பம் என்று அலைச்சல் உண்டு. அந்த வீட்டின் உச்சியில் ஏறி விழுந்து சாவதற்கு எந்த அனுமதியும் வேண்டாம். வெறுங்கால் இருந்தால் போதும்.

ஆட்கள் குறையக் குறைய எங்கள் தீவு உயர்ந்துகொண்டே போகிறது. சனத்தில் பெரும்பங்கு ரொறொன்ரோ, பாரிஸ், பேர்ண், லண்டன் என்று போய்விட்டது. பூட்டிய வீடுகளுக்கும் கறையான் தின்ற கதவுகளுக்கும் நடுவே கோபுரம் எழுகிறது, மணிக்கூண்டு எழுகிறது, கல்யாண மண்டபம் எழுகிறது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் கனடாவில். மண்டபம் மட்டும் ஊரில். கட்டட்டும், காசு அவர்களுடையது. ஆனால் தடியும் கயிறும் கொண்டு கட்டிய சாரத்தின் உச்சியில், சாறத்தை மடித்துக் கட்டி, சாந்துச் சட்டியோடு நிற்கிறானே ஒருவன், அவன் உயிர் யாருடைய காசு?

அவன் எந்தச் சாதி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே வந்து கும்பிடப் போகிறோம் என்றவர்களை மறித்து நின்ற பெருமை எங்கள் குடாநாட்டுக்கு உண்டு. வாசற்படி மிதிக்கத்தான் சாதி வேண்டும். உச்சிக்கு ஏற வேண்டாம். சமத்துவம் எங்களிடம் நாற்பது அடிக்கு மேலேதான் தொடங்குகிறது.

காசு அனுப்பும் பெருமக்களுக்கு உயிர்க்கயிறு என்றால் என்னவென்று தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்ராறியோவில் 3 மீற்றருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் கட்டட வேலை செய்பவருக்குப் பாதுகாப்புப் பட்டி போன்ற, விழாமற் காக்கும் ஏற்பாடு இருக்கவேண்டும். 2015 முதல் அதற்கென்று பயிற்சிச் சான்றிதழும் எடுக்கவேண்டும். அந்த விதி சும்மா வரவில்லை. 2009 டிசம்பர் 24, நத்தாருக்கு முதல்நாள், ரொறொன்ரோ கிப்ளிங் அவெனியுவில் ஓர் அடுக்குமாடியின் பல்கனிகளைத் திருத்திக்கொண்டிருந்தவர்களின் தொங்குமேடை 13ஆம் மாடி உயரத்தில் முறிந்தது. ஆறு பேருக்கு இரண்டு உயிர்க்கயிறுகள். நால்வர் செத்தார்கள், நால்வரும் பிழைப்புத் தேடி அந்த நாட்டுக்கு வந்தவர்கள். கயிற்றை ஒழுங்காக மாட்டியிருந்தவர் அந்தரத்தில் தொங்கித் தப்பினார். கம்பனிக்கு விதித்த 200,000 டொலர் தண்டத்தை, காணாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 750,000 ஆக்கியது. வேலையை நடத்திய முகாமையாளருக்கு 2016இல் மூன்றரை வருடச் சிறை.

அந்த நகரத்தில், கூரைக்கு ஏறுமுன் தன் பட்டியை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற கை, வேலை முடிந்து வட்ஸ்அப்பைத் திறக்கிறது. ஊரிலிருந்து படம் வந்திருக்கிறது. கலசத்துக்குப் பக்கத்தில் வெறுங்கால் மேசன். பிடிக்க ஒரு கம்பிகூட இல்லை. கை என்ன செய்கிறது? இரண்டு கும்பிடு, ஒரு பூ, ஓர் "அப்பனே முருகா".

விழுந்தபிறகு நடப்பதெல்லாம் ஒழுங்காக நடக்கும். அதில் குறை சொல்லமுடியாது. ஆளைத் தூக்கி வாகனத்தில் போட்டு, வாணர் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, பண்ணைப் பாலம் தாண்டி, ஏறக்குறைய 30 கிலோமீற்றர் ஓடி யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். மறுநாள் பத்திரிகையில் "தவறி வீழ்ந்து குடும்பஸ்தர் உயிரிழப்பு" என்று நாலு வரி வரும். மாலையில் சந்தியில் தீர்ப்பும் வந்துவிடும்: "கவனமில்லாமல் ஏறீட்டான்." கொஞ்சம் பொறுத்தால், "போட்டிருந்தவனாம்" என்பதும் சேரும். செத்தவனுக்கு மறுப்பு அறிக்கை விட வாய் இல்லை.

கோயில் வளவுக்குள் சாவு விழுந்தால் தீட்டு. அதைக் கழிக்கக் கிரியை, அதற்குக் குருக்கள், தட்சணை, சாமான் பட்டியல். ஒரே இரவில் அந்தக் காசு சேர்ந்துவிடும். செத்தவனைக் கழுவித் துடைக்க இருக்கிற காசு, அவன் உயிரோடு நின்றபோது இடுப்பில் கட்ட ஒரு பட்டிக்கு இருக்கவில்லை. மாபிளுக்கு மதிப்பீடு உண்டு, பஞ்சவர்ணத்துக்கு உண்டு, மேளத்துக்கு உண்டு, வானத்திலிருந்து படம் பிடிக்கிற ட்ரோனுக்கும் உண்டு. கோபுரம் எப்படித் தெரிகிறது என்று மேலிருந்து பார்க்கிறார்கள். ஆள் எப்படி நிற்கிறான் என்று கீழிருந்துகூடப் பார்க்கவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934, தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942. நட்டஈட்டின் உச்சத்தொகை ஐந்தரை இலட்சமாகக் கிடந்து, 2022இல் இருபது இலட்சமாக உயர்ந்தது. ரூபாய் விழுந்து நொறுங்கிய அதே வருடம். ஆனால் கேட்பதற்கு, வேலைக்கு வைத்தவர் யார் என்று காட்டவேண்டுமே! கோயில் கமிட்டி சொல்லும், மேசனைக் கேள். மேசன் சொல்வார், அவன் நாட்கூலி. உபயகாரர் சொல்வார், நான் முருகனுக்குத்தான் கொடுத்தேன். முருகனுக்கு எந்த முகவரிக்கு அழைப்பாணை அனுப்புவது?

விதவைக்கு ஒன்றும் கிடைக்காது என்பதும் பொய். தையல் மெசின் ஒன்று கிடைக்கும், அல்லது நாலு கோழியும் ஒரு கூடும். "வாழ்வாதார உதவி" என்று பதாகை கட்டி, பத்துப் பேர் ஒரு மெசினைத் தொட்டுக்கொண்டு நின்று படம் எடுப்பார்கள். அந்தப் பதாகைக் காசைப் பாதுகாப்புப் பட்டி விற்கிற கடையில் கொடுத்திருக்கலாம்.

பனைக்கு வருவோம். தளைநாரும் கத்தியும் முட்டியுமாக ஏறுகிற சீவல் தொழிலாளி விழுந்தால், முதலாளி யார் என்ற கேள்வியே எழாது, பனையா முதலாளி? ஆனால் அவர் இறக்குகிற கள்ளு மட்டும் மதுவரித் திணைக்களத்தின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். முட்டி இறங்கினால் அது அரசாங்கத்தின் விசயம், ஆள் இறங்கினால் குடும்ப விசயம்.

கடலில் இன்னும் வசதி. விழுந்த சத்தமும் கேளாது. கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரோடு இறங்குகிற சுழியோடி, ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் நைதரசன் குமிழ் கட்டும். மூட்டு வலிக்கும், கால் விழும், உயிரும் போகும். அட்டை பத்திரமாக ஏற்றுமதியாகும். அதன் தரத்தைச் சோதிக்க ஆள் உண்டு.

எங்கள் வடக்குக் கடலைப் பாருங்கள். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்த விசைப்படகு இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கியது. நான்கு மீனவர் செத்தார்கள். 2024 ஜூனில் இந்திய இழுவைப்படகைப் பிடிக்கப் போன கடற்படைச் சிப்பாய் ஒருவர் செத்தார். அதே வருடம் ஓகஸ்ட் 1ஆம் திகதி இராமேஸ்வரம் படகு கடற்படைப் படகோடு மோதி மீனவர் ஒருவர் செத்தார், ஒருவர் காணாமற்போனார். டெல்லி இலங்கையின் பதில் தூதரை அழைத்துக் கண்டித்தது, கொழும்பு விளக்கம் சொன்னது. செத்தவர்கள் எல்லோரும் சம்பளத்துக்கும் பங்குக்கும் வேலைக்கு வந்தவர்கள் என்ற விசயம் எந்த அறிக்கையிலும் வரவில்லை. இழுவைப்படகு எங்கள் மீனவரின் வலையை அறுத்து வயிற்றில் அடிக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் படகின் சொந்தக்காரர்கள் எவரும் அன்று கடலில் இருந்து சாகவில்லை.

சாவை எண்ணாமல் விடுகிற இந்தக் கணக்கு வித்தையில் உலகச் சம்பியன் கட்டார். உலகக் கிண்ண மைதானங்களைக் கட்டியதில் வேலையால் செத்தவர் 3 பேர், வேலையோடு தொடர்பில்லாமல் செத்தவர் 37 பேர் என்றார்கள். 2022 நவம்பரில், போட்டி நடந்துகொண்டிருக்கும்போது, ஏற்பாட்டுக் குழுவின் செயலாளர் நாயகமே தொலைக்காட்சியில், உலகக் கிண்ண வேலைகள் முழுவதிலும் 400க்கும் 500க்கும் இடையில் என்றார். பத்து வருடத்தில் அங்கே செத்த தெற்காசியத் தொழிலாளர் 6,500க்கு மேல் என்று கார்டியன் பத்திரிகை 2021இல் எழுதியது. அதில் 557 பேர் இலங்கையர். எங்கள் கமிட்டிகள் கட்டாரைக் குறை சொல்லக்கூடாது. எண்ணிப் பார்க்காத பழக்கத்தில் நாங்கள் அவர்களுக்கு மூத்தவர்கள்.

உபயகாரப் பெருமக்களே, உங்கள் பெயரைக் கருங்கல்லில் வெட்டுங்கள், பொன் மை பூசுங்கள், தடுக்கமாட்டேன். ஒன்றே ஒன்று. அடுத்த மதிப்பீடு வட்ஸ்அப்பில் வரும்போது பாதுகாப்புப் பட்டி, உயிர்க்கயிறு, வலை, தலைக்கவசம், தொழிலாளர் காப்புறுதி என்ற ஐந்தும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கும்பிடு போடாதேயுங்கோ. காசும் போடாதேயுங்கோ.