வலியில்லாக் குதிரை

அமெரிக்காவின் டென்னசி நடைக்குதிரைப் போட்டியில் குதிரை முன்னங்காலை உயரத் தூக்கிப் போட வேண்டும். தட்டிக்கொடுத்துப் பழக்கினால் மாதக்கணக்காகும், யாருக்கு நேரம்? குளம்புக்கு மேலே மண்ணெண்ணெயோ தோலைப் பொசுக்கும் ரசாயனமோ தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, புண்ணின்மேல் சங்கிலி மாட்டினால் போதும். கால் தரையில் பட்டதும் வெடுக்கென்று தூக்கும். என்ன நளினம்!

1970-இலேயே இதற்கெதிராகச் சட்டம் போட்டார்கள், ரசனை கெட்டவர்கள். சோதனையாளர் காலை அழுத்துவார். குதிரை துடித்தால் போட்டியில் இடமில்லை.

அதற்கும் பாடம் உண்டு. கொட்டிலிலேயே அழுத்திப் பார்த்து, துடிக்கும்போதெல்லாம் அடிப்பார்கள், குதிரை சிலையாய் நிற்கும்வரை. இதற்கு மட்டும் நேரம் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

சோதனை முடிவு: வலியில்லை. கோப்பை உண்டு.