காவல் சட்டம், மொத்த விலை ஆறு லட்சம்

1717-ல் லண்டன் மெர்சர்ஸ் ஹாலில் கப்பல் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றுக்குப் பங்கு சேர்த்தார்கள். பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் பேர் எழுதினார்கள். சாசனம் கேட்டுப் போனால், 1718-ல் அரசின் சட்ட அதிகாரிகள் உதட்டைப் பிதுக்கினார்கள். இந்தச் சோதனை தப்பாகப் போனால் வணிகத்தின் கதி என்ன என்று அவ்வளவு கவலை.

இரண்டே வருஷத்தில் கவலை பறந்தது. முதலாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைச் செலவுக் கடன் கழுத்துவரை ஏறியிருந்தது. ராயல் எக்ஸ்சேஞ்ச், லண்டன் அஷ்யூரன்ஸ் என்று இரண்டு கூட்டத்தார், கடல் காப்பீட்டுக்குச் சாசனம் தந்தால் ஆளுக்கு மூன்று லட்சம் பவுண்டு கட்டுகிறோம் என்றார்கள். ஆறு லட்சத்துக்கு வணிகத்தின் கதி தானாகவே சரியாகிவிட்டது!

1720 ஜூனில் 'குமிழிச் சட்டம்' பிறந்தது. கண்ட கண்ட கம்பெனியில் பணத்தைப் போட்டு ஏமாறும் அப்பாவிகளைக் காக்கத்தான் என்று அதில் உருக்கம். சாசனம் இல்லாமல் கைமாறும் பங்கு விற்றால் குற்றம். அதே சட்டத்தின் இன்னொரு பக்கத்தில், கடல் காப்பீடு செய்யும் உரிமை இந்த இரண்டு கம்பெனிகளைத் தவிர வேறெந்தக் கம்பெனிக்கும் இல்லை. நோயும் மருந்தும் ஒரே புட்டியில்.

காவல் யாருக்குக் கிடைத்தது? ஆகஸ்டில், அன்றைய பங்குச் சந்தையின் பெரிய கம்பெனியான சவுத் ஸீ கம்பெனியின் தூண்டுதலில் அதன் போட்டியாளர்கள்மேல் நீதிமன்ற ஆணை பாய்ந்தது. சந்தையே நடுங்கியது. கோடையில் ஆயிரம் பவுண்டைத் தொட்ட சவுத் ஸீயின் பங்கு செப்டம்பர் முடிவதற்குள் இருநூறுக்குக் கீழே. அடுத்த வருஷம் ஊழலுக்காக டவர் சிறைக்குப் போனவர் நிதியமைச்சர் ஐஸ்லபி. காப்பீட்டுப் பங்குகளும் சரிந்தன. கம்பெனிகள் அழுதன, அரசு மனம் இளகி, மன்னருக்குத் தரவேண்டியதில் பாதியைத் தள்ளுபடி செய்தது. நாற்காலியில் இருப்பவர்களின் கண்ணீருக்குத்தான் எத்தனை மதிப்பு! அப்பாவியைக் காக்க வந்த சட்டத்தில் அந்த நூற்றாண்டு முழுவதும் பதிவான வழக்கோ ஒன்றே ஒன்று.

இத்தனை விலை கொடுத்து வாங்கிய ஏகபோகம் என்ன செய்தது? தனி ஆட்கள் காப்பீடு செய்யத் தடையில்லை என்பதால் தொழில் ஏறக்குறைய முழுவதும் லாயிட்ஸ் காபிக்கடையில் கூடிய தனி ஆட்களிடம் போயிற்று. 1810-ல் நாடாளுமன்றக் குழு கணக்குப் பார்த்தது. நூற்றுக்கு நான்குகூட இந்த இருவர் கையில் இல்லை. அதன் பிறகும் ஏகபோகம் நீங்கவில்லை. நேதன் ரோத்ஸ்சைல்ட் அலயன்ஸ் கம்பெனி தொடங்கி, கடல் காப்பீடும் வேண்டும் என்று கேட்ட 1824-ல்தான் எடுத்தார்கள்.