தொண்ணூறு பர்சன்ட்காரர்

பர்சன்ட்காரரிடம் ஆமாம், இல்லை என்ற இரண்டு சொற்களும் கிடையாது. எதைக் கேட்டாலும் எண்தான் வரும். "குழாயில தண்ணி வருதாண்ணே?" என்றால் "எழுவது பர்சன்ட் வருது" என்பார். "பொண்ணு வீட்டுல ஒத்துக்கிட்டாங்களா?" என்றால் "எம்பது பர்சன்ட் ஓகே." "நாளைக்கு ஆள் வருமா?" என்றால் "நூறு பர்சன்ட்." புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்தில் கடலூர் சாலையோர டீக்கடைகளில் காலை வேளையில் இவர் ஒருவராவது தென்படுவார். தொழில், வீடு கட்டிக் கொடுப்பது. நடுநடுவே மனை கைமாற்றி விடுவதும், வட்டிக்குப் பணம் புரட்டிக் கொடுப்பதும், சம்பந்தம் பேசி முடிப்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே மொழி.

நூறு பங்கில் எத்தனை பங்கு என்பதே பர்சன்ட். இதற்கு உள்ள நிபந்தனை ஒன்றுதான்: எதை நூறாக வைத்துக்கொண்டோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஐம்பதுக்கு 45 மார்க் என்றால் 90 பர்சன்ட். ஐந்நூறுக்கு அதே 45 என்றால் 9 பர்சன்ட். பர்சன்ட்காரர் மேலே உள்ள எண்ணை உரக்கச் சொல்வார். கீழே உள்ளதை யாரிடமும் சொல்வதில்லை. அவருக்குக் கணக்கு வராது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் இன்னும் அவரிடம் வீடு கட்டக் கொடுக்காதவர்கள்.

அவர் எண்களுக்குத் தனி அகராதி இருக்கிறது. 'ஃபிஃப்டி ஃபிஃப்டி' என்றால் நடக்காது. 'எழுவது பர்சன்ட்' என்றால் இன்னும் யாரிடமும் போய்க் கேட்கவே இல்லை. 'தொண்ணூத்தொம்பது பர்சன்ட்' என்றால் மறந்தே போயிருந்தார், கேட்டதால்தான் ஞாபகம் வந்தது. 'நூறு பர்சன்ட்' என்றால் வரமாட்டார். 'இருநூறு பர்சன்ட்' என்றால் வரவும் மாட்டார், போனையும் எடுக்க மாட்டார். 'ஆயிரம் பர்சன்ட்' சத்தியத்துக்குச் சமம் என்பதால் அபூர்வமாகத்தான் வெளியே எடுப்பார். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்குள் சாவி கையில் இருக்கும், ஆயிரம் பர்சன்ட் என்பார். ஆடியில் அந்தத் தேர் ஓடும். ஃபிரெஞ்சு ஆட்சிக் காலத்து வழக்கப்படி இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிப்பார். தேர் வருஷா வருஷம் ஓடுகிறது. எந்த வருஷத்துத் தேர் என்று பர்சன்ட்காரர் சொல்லவில்லை.

இந்த எண்களில் தலையானது 90. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கடைக்கால் எடுத்த நாளிலிருந்து ரூஃப் போடும் நாள் வரை பர்சன்ட்காரரின் எண் மளமளவென்று ஏறும். பேஸ்மட்டம் முடிந்ததும் 30, லிண்டல் முடிந்ததும் 50. ரூஃப் கான்கிரீட் கொட்டிய அன்று, ஆட்களுக்குப் பிரியாணி பரிமாறும்போது 90. அதோடு நின்றுவிடும். சென்ட்ரிங் பிரித்தபோதும் 90. பூச்சு வேலை முடிந்தபோதும் 90. வயர் இழுத்தபோதும் 90. டைல்ஸ் ஒட்டியபோதும் 90. நடுவில் ஒரு மழைக்காலம் வந்து, பூசிய சுவரில் பாசி பிடித்து, அதைச் சுரண்டி மறுபடி பட்டி பார்த்தபோதும் அதே 90. வீட்டுக்காரி ஒருநாள் பொறுமை இழந்து கேட்டார்:

"என்னண்ணே, போன மாசமும் தொண்ணூறுன்னுதான் சொன்னீங்க?"

"அது போன மாசத்துத் தொண்ணூறு, அக்கா. இது வேற."

"பாக்கி என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் சின்னச் சின்ன வேலை."

சின்னச் சின்ன வேலைகளின் பட்டியலைக் கேட்டு எழுதினால் நோட்டில் ஒரு பக்கம் வரும். வாசல் கதவு, பாத்ரூம் கதவு, மாடிப்படிக் கைப்பிடி, செப்டிக் டேங்க் மூடி, சம்ப் மூடி, மோட்டார், மின்துறை இணைப்பு, கழிவுநீர்க் குழாய், ஜன்னல் கண்ணாடி, இரண்டாவது கோட் பெயின்ட். ஆக, தண்ணீரும் வெளிச்சமும் கதவும் இல்லாத, ஆனால் மழைக்கு ஒதுங்கலாம் என்ற நிலையில் உள்ள கட்டடமே 90 பர்சன்ட் வீடு. அந்தக் கணக்கில் கடலூர் சாலைப் பேருந்து நிழற்குடைகள் எல்லாம் 90 பர்சன்ட் வீடுகள்தாம்.

இந்த 90 எங்கிருந்து வருகிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. முதலாவது, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணுவது. சுவரும் கூரையும் தெருவில் போகிறவருக்குத் தெரியும். சுவருக்குள் ஓடும் குழாய் தெரியாது. பெரிய உருப்படிகள் சீக்கிரம் முடியும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனிக் கடை, தனித் தவணை தேவைப்படும் சில்லறை உருப்படிகள் இழுக்கும். இது அரியாங்குப்பத்துக்கு மட்டும் உரிய நோய் அன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த டாம் கார்கில், கணினி நிரல் எழுதுகிறவர்களைப் பற்றி இதையேதான் கேலியாகச் சொன்னார்: முதல் 90 பர்சன்ட் வேலை 90 பர்சன்ட் நேரத்தை எடுத்துக்கொள்ளும், மீதமுள்ள 10 பர்சன்ட் வேலை இன்னொரு 90 பர்சன்ட் நேரத்தை எடுத்துக்கொள்ளும். 1985-இல் ஜான் பென்ட்லி தம் பத்தியில் இதை அச்சேற்றினார். கூட்டினால் 180 வருகிறதே என்று கேட்பவர்கள் வீடு கட்டியதில்லை.

இரண்டாவது விளக்கம் ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. முன்பணம் 10, பேஸ்மட்டம் முடிந்ததும் 20, லிண்டலுக்கு 20, ரூஃப் போடுகிற அன்று 40, சாவி கொடுக்கும்போது 10 என்று பணம் பிரிக்கப்பட்டிருக்கும். கான்கிரீட் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேரம் பேச யாருக்கும் வாய் வராது என்பதால் அங்கேதான் பெரிய தவணை. ரூஃப் போட்ட அன்று மாலை கூட்டிப் பார்த்தால் 90 வருகிறது. எனவே பர்சன்ட்காரர் பொய் சொல்லவில்லை. தொண்ணூறு பர்சன்ட் முடிந்துவிட்டது. முடிந்தது வாங்க வேண்டிய பணம். அந்தப் பணம் அப்போது தவளக்குப்பத்தில் வேறொருவர் வீட்டுக் கடைக்காலில் இறங்கியிருக்கும். அந்த வீட்டுக்காரரின் முன்பணம் அதற்கு முந்தைய வீட்டின் டைல்ஸ் பாக்கிக்குப் போயிருக்கும். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. வாடகையும் கொடுத்து, வங்கிக் கடனுக்குத் தவணையும் கட்டுகிற குடும்பத்துக்கு ஒவ்வொரு மாதத் தொண்ணூறும் ரொக்கமாகவே கழிகிறது.

எதை நூறாக வைப்பது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும் என்பதற்கு சிமென்ட் சாட்சி. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 ஆனது. டீக்கடையில் செய்தியை முதலில் அறிவித்தவர் அவரே: "சிமென்ட்டு பத்து பர்சன்ட் எறங்கிடுச்சு!" அப்படியானால் எஸ்டிமேட்டில் பத்து பர்சன்ட் குறைக்கலாமே என்று வீட்டுக்காரி கேட்டதும் அவர் கணக்கு வாத்தியாராக மாறினார். வரி இல்லாத விலை 100 என்றால் முன்பு 128, இப்போது 118. 128-இல் 10 குறைந்தால் அது 7.8 பர்சன்ட்தான், அதுவும் சிமென்ட்டில் மட்டும், கம்பியில் இல்லை, கூலியில் இல்லை, மொத்த எஸ்டிமேட்டில் அது தூசு. ஒரு வரி பிசகவில்லை. இதே மனிதர்தான் கூலி 10 பர்சன்ட் ஏறி, மறுபடி 10 பர்சன்ட் ஏறியபோது 21 என்று வாங்கிக்கொண்டவர். அதுவும் சரியான கணக்கே.

வேஸ்டேஜ் என்பது இன்னொரு பர்சன்ட். டைல்ஸ் வெட்டும்போது உடைவதற்காகத் தேவைக்கு மேல் கொஞ்சம் வாங்குவது நியாயமான வழக்கம். பர்சன்ட்காரர் 10 என்பார். ஆயிரம் சதுர அடிக்கு நூறு சதுர அடி. உடைந்த டைல்ஸ் துண்டுகளைக் காட்டுவார். உடையாத பாக்கி எங்கே போனது என்பதை அவர் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் கை கழுவும் இடத்தில் கண்டுகொள்வார்கள்.

மனை விற்பனையில் அவருக்கு இரண்டு அளவுகள் கைகொடுக்கின்றன. புதுச்சேரிப் பக்கத்தில் ஒரு குழி 576 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. குழி, சென்டைவிட 32 பர்சன்ட் பெரியது. ஆனால் சென்ட், குழியைவிட 24 பர்சன்ட்தான் சிறியது. ஒரே வித்தியாசம், நூறாக வைக்கும் பொருள் மாறினால் எண் மாறிவிடும். வாங்குகிறவரிடம் விலையைச் சென்ட் கணக்கில் சொன்னால் மலிவாகத் தெரியும். பரப்பைப் பற்றி யாராவது கவலைப்பட்டால் "பெரிய குழி, பொதுவா இருபத்தஞ்சு முப்பது பர்சன்ட் கூட வரும்" என்பார். எதைவிடக் கூட என்ற கேள்விக்குள் டீ வந்துவிடும்.

வட்டியில் அவர் இன்னும் சுருக்கம். "வெறும் ரெண்டு பர்சன்ட்" என்பார். வங்கியில் ஒன்பது பர்சன்ட் கேட்டுத் திகைத்து வந்தவர் காதில் அது தேனாக விழும். வங்கியின் ஒன்பது வருஷத்துக்கு. இவருடைய இரண்டு மாதத்துக்கு, அதாவது வருஷத்துக்கு 24. கட்டாத வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் ஏறக்குறைய 26.8. "ரெண்டு வட்டி" என்று கேட்டு வளர்ந்த கிழவிகள் இதில் ஏமாறுவதில்லை. பர்சன்ட் என்று சொன்னால் வங்கி வாசனை வருகிறது, படித்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரித்திரமும் அவர் கையில் தப்புவதில்லை. "ஃபிரெஞ்சுக்காரன் போவணும்னு நூறு பர்சன்ட் ஜனங்க ஓட்டுப் போட்டாங்க" என்பார். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்தவர்கள் 178 மக்கள் பிரதிநிதிகள். இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாக 170 பேர், எதிர்த்து 8 பேர்: 95.5 பர்சன்ட். எட்டுப் பேரையும் பர்சன்ட்காரர் சமாதானம் பேசித் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார்; பிரதிநிதிகளையும் ஜனங்களாக்கிவிட்டார். அரிக்கமேட்டைப் பற்றிக் கேட்டாலும் பதில் தயார். 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழ்ந்தார்கள். தோண்டியது அந்த மேட்டில் சில பகுதிகளை மட்டுமே. "அது தொண்ணூறு பர்சன்ட் தோண்டியாச்சு" என்று காக்காயந்தோப்புக்கு வரும் பயணிகளைத் திருப்பி அனுப்பி, நோணாங்குப்பம் படகுத் துறைக்கு வழி காட்டியிருக்கிறார்.

வானிலையில் மட்டும் அவரை மடக்க முடியாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலைப் பற்றிக் கேட்டவர்களிடம் "இந்தப் பக்கம் வர்றதுக்குப் பத்து பர்சன்ட்தான் சான்ஸ்" என்றார். 30-ஆம் தேதி இரவு புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஆனாலும் அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்க வழியில்லை. பத்து பர்சன்ட் என்றால் பத்தில் ஒரு தடவை வரும் என்றுதான் பொருள். அந்த ஒரு தடவை வந்துவிட்டது.

அன்று அவர் நடந்துகொண்ட விதத்தையும் பதிவு செய்ய வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் டீசல் பம்ப்செட்டைத் தோளில் ஏற்றி வந்து, தாம் கட்டிக் கொடுத்த வீடு, கட்டாத வீடு என்று பார்க்காமல் இரவெல்லாம் இறைத்துவிட்டார். படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பாட்டியைக் கட்டிலோடு தூக்கி மாடிக்கு ஏற்றினார். டீசல் காசுகூடக் கேட்கவில்லை. எண் எதுவும் வாயில் வரவில்லை. காலையில் வெயில் தலைகாட்டியதும், முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "தொண்ணூறு பர்சன்ட் வடிஞ்சிடுச்சு" என்றார்.

இனி 90 எப்படி 100 ஆகிறது என்பதுதான் பாக்கி. அது ஆகிறது என்பதில் சந்தேகமில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த பிறகு, ஐயர் வருவதற்கு முதல் நாள் இரவில் ஆகிறது. அதற்குள் வாசல் கதவு வந்துவிடும், மின் இணைப்பும் வந்துவிடும். ஆனால் கைப்பிடி வந்திருக்காது, சம்ப் மூடி வந்திருக்காது, இரண்டாவது கோட் அடித்திருக்காது. பர்சன்ட்காரர் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, "நூறு பர்சன்ட் முடிஞ்சிடுச்சுக்கா, பாக்கியைக் குடுத்துடுங்க" என்பார்.

"கைப்பிடி?"

"அது எக்ஸ்ட்ரா வேலைக்கா."

வேலை கூடி நூறு வரவில்லை. நூறாக வைத்திருந்த வீடுதான் சிறுத்திருக்கிறது. முடிந்ததெல்லாம் வீடு, முடியாததெல்லாம் எக்ஸ்ட்ரா என்று பிரித்துவிட்டால் எந்தக் கட்டடமும் எந்த நேரத்திலும் முழுமை பெற்றதே. எக்ஸ்ட்ராவுக்குத் தனி எஸ்டிமேட், தனி முன்பணம்.