பாத்திக்கு அஞ்சு ரூபா

ஏங்கண்ணு, மாசத்துக்கு ஒருக்கா சாளைக்கு வர்றே. வந்ததும் வராததுமா டிவி முன்னால காலை நீட்டிக்கிட்டு, "அப்பாரு, இங்க பாருங்க, சுத்திச் சுத்தி ஒரு பார்முலா ஒன் காரு ஓட்டறதுக்கு வருசத்துக்கு 7 கோடி டாலராம்! நம்ம ரூபாய்க்கு 500 கோடிக்கு மேல!"ன்னு பொலம்பறே. உங்க ஆத்தா வெச்ச காப்பி ஆடை கட்டிப்போச்சு. சாமி, எனக்கு ஒரே ஒரு வெவரம் சொல்லு. அந்தக் காசு உன்ற அங்கராக்குப் பையில இருந்தா போவுது?

இல்லையில்ல? அப்பறம் எதுக்கு அந்த வயித்தெரிச்சல்?

நீ படிச்ச பையன். உன்ற கட்சி என்ன? "வண்டிதானுங்கப்பாரு ஓடுது, அவன் சும்மா திருப்பறான்." நல்ல கட்சிதான். மாடுதான் பால் குடுக்குது, கறக்கறவன் சும்மா குந்தியிருக்கறான்னு நானும் சொல்லலாம். போன நோம்பிக்கு வந்தப்ப நீயேதான் சொன்னே, 2023-ல ரெட் புல் கம்பெனிக்காரன் ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வண்டி செஞ்சு குடுத்தான்னு. வெர்ஸ்டாப்பன்கிற அந்த டச்சுக்காரப் பையன் 22 பந்தயத்துல 19 ஜெயிச்சு 575 பாயிண்ட் எடுத்தான். கூட ஓட்டுன பெரஸும் கெட்டிக்காரன்தான், அவன் எடுத்தது 285. ஒரே கெணத்துத் தண்ணி, ஒரே மூட்டை வெதை, அவன் காட்டுல பாதி வெள்ளாமை. அந்த 7 கோடிங்கறது போர்ப்ஸ் பத்திரிகைக்காரன் அந்த வருசத்துக்குப் போட்ட மதிப்பு. சம்பளம் போக, ஜெயிச்சதுக்குன்னு குடுத்த போனஸும் சேத்தித்தான் அத்தனை.

வேலை லேசுன்னும் சொல்லிப்போடாதே. அந்தப் பிரேக்கை மிதிக்கறதுக்கே 100 கிலோவுக்கு மேல அழுத்தம் வேணுமாமா. வளைவுல திரும்பறப்ப தலையோட கனம் அஞ்சு பங்காயிருது. தலையும் ஹெல்மெட்டும் சேந்து 7 கிலோன்னா 35 கிலோவைக் கழுத்து தாங்கோணும், அதுவும் பக்கவாட்டுல. கத்தார்ல ராத்திரியில ஓட்டியும் வெக்கை தாங்காம ஒருத்தன் ஹெல்மெட்டுக்குள்ளயே வாந்தியெடுத்தான், இன்னொருத்தன் பாதியில வண்டியை நிறுத்திட்டு எறங்கிட்டான். நீ போன மாசம் தக்காளி பறிக்க வந்து, அரைக் கூடை ரொம்பறதுக்குள்ள தலை சுத்துதுன்னு திண்ணையில படுத்தியே, அது எனக்கு மறக்கலை.

ஆனா கண்ணு, பாடுபட்டதுக்குத்தான் கூலின்னா நம்மூர்ல களை வெட்டற பொம்பளைங்க அத்தனை பேரும் மாடி வீடு கட்டியிருக்கோணும். அதனால அந்தப் பேச்சை உடு.

உசுருக்கு ஆபத்து, அதுக்குத்தான் காசுங்கறாங்க சில பேரு. மெய்தான். 1994-ல இமோலாவுல சனிக்கெழமை ராட்சன்பெர்கர் போனான், ஞாயித்துக்கெழமை சென்னா போனான். 2020-ல பஹ்ரைன்ல வண்டி ரெண்டாப் பொளந்து தீப்புடிச்சு, அந்த குரோஜான் பையன் நெருப்புக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்ததை நீயுந்தான் பாத்தே. உங்க ஆத்தா அன்னைக்கு மாரியாத்தாளுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வெச்சா, யாரு பெத்த புள்ளையோன்னு. ஆனா ரோட்டோரத்துல கொடியும் தீயணைப்பானும் வெச்சுக்கிட்டு நிக்கறாங்களே, அவங்களைப் பாத்திருக்கியா? பெரும்பாலும் சம்பளமே இல்லாம, ஆசைக்கு வந்து நிக்கற ஆளுங்க. 2000-ல மோன்சாவுல பாவ்லோ கிஸ்லிம்பெர்டி, அடுத்த வருசம் மெல்போர்ன்ல கிரகாம் பெவரிட்ஜ். ரெண்டு பேரும் பந்தய வண்டியில இருந்து பிச்சுக்கிட்டு வந்த சக்கரம் பட்டுச் செத்தாங்க. ஆபத்துக்குத்தான் கூலின்னா அவங்களுக்கு எத்தனை குடுத்திருக்கோணும்? அவங்க பேரையாவது நீ கேட்டிருக்கியா?

சரி, அந்தக் காப்பியைக் குடி. அப்பறம் எதுக்குத்தான் குடுக்கறாங்கன்னா, நிக்கி லாடா கதையைக் கேளு. ஆஸ்திரியாக்காரன். அவன்ற தாத்தன் பெரிய முதலாளி. பேரன் காரு ஓட்டப்போறான்னு தெரிஞ்சதும், ஒரு பேங்க்கு அவனுக்குக் குடுக்க இருந்த காசைத் தன் செல்வாக்குல தடுத்துப்போட்டாரு. (தாத்தன்னா அப்படித்தான் இருக்கோணும். நான் உனக்கு பைக் வாங்க காசு குடுத்தது தப்பு.) அவன் என்ன பண்ணுனான்? வேற பேங்க்குக்குப் போயி, தன் பேர்ல இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து, அதை அடமானம் வெச்சுக் கடன் வாங்கி, அந்தக் காசைக் கம்பெனிக்குக் குடுத்துட்டு வண்டியில ஏறுனான். கூலி வாங்கிட்டு இல்லைடா, கூலி குடுத்துட்டு! நீ ஓட்டறவங்களைக் காட்டி எல்லாரும் கோடீஸ்வரன்கறே. பின்னால ஓட்டறவன் பல பேரு அன்னைக்கும் இன்னைக்கும் சொந்தக் காசோ விளம்பரக்காரன் காசோ மடியில கட்டிக்கிட்டு வந்தவன்தான். நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல ஜோர்டான் வண்டி ஓட்டுனப்ப டாட்டா பேரும் கூடவே போச்சு. அந்த வருசம் இண்டியானாபொலிஸ்ல டயரு சரியில்லைன்னு 14 வண்டி ஒதுங்கிருச்சு. ஓடுன ஆறுல நம்ம பையன் நாலாவது, 5 பாயிண்ட். நீ சிரிக்கறே. பந்தி போட்டு ஒறம்பரை வரலைன்னா, குந்துனவன் ரெண்டு வடை எச்சாத் திங்கறது தப்பா?

லாடாவுக்கு வருவோம். 1976-ல ஜெர்மனியில வண்டி தீப்புடிச்சு மொகமெல்லாம் வெந்து, பாதிரியார் வந்து கடைசி மந்திரம் சொல்லிட்டுப் போயிட்டாரு. ஆறே வாரத்துல, கட்டுக்கட்டுன தலையோட மோன்சாவுல ஓட்டி நாலாவது வந்தான். அப்பறம் போதும்னு ஒதுங்கி, 1982-ல மெக்லாரனுக்குத் திரும்பி வந்தான். கூலி பேசறப்ப மில்லியன் கணக்குல கேட்டுட்டு, "வண்டி ஓட்டறதுக்கு ஒரே ஒரு டாலர்தான், மீதியெல்லாம் என்ற பேருக்கு"ங்கற மாதிரி சொன்னானாம். சந்தையில இத்தனை வருசம் மாடு வித்த எனக்கே அந்த வார்த்தை வாயில வரலை. தாவணியில நிக்கற மாட்டைப் பாக்கறதுக்குன்னே கூட்டம் கூடுதுன்னா, கறவை எத்தனைன்னு எவன் கேக்கறான்?

அதே வருசம் தென்னாப்பிரிக்காவுல இன்னொரு கூத்து. எந்தக் கம்பெனிக்கு ஓட்டறேன்னு எழுதிக் குடுத்தாத்தான் லைசென்சு, நெனைச்சப்ப மாற முடியாதுன்னு ஒரு காயிதம் நீட்டுனாங்க. லாடாவும், கூட ஓட்டுன பிரோனிங்கறவனும் முன்ன நின்னாங்க. ஓட்டறவங்க பஸ்ஸுல ஏறிப் போயி ஜோகன்னஸ்பர்க்ல ஒரு ஓட்டல் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டாங்க. மெத்தையைத் தரையில போட்டுப் படுத்தாங்க, பொழுது போக ஒருத்தன் பியானோ வாசிச்சான். ஒரே ஒருத்தன் மட்டும் நைசா நழுவிட்டான். அது எல்லா ஊர்லயும் ஒருத்தன் இருப்பான். உன்ற ஆபீசுல மூணு வருசமா சம்பளம் ஏத்தலைன்னு ஆத்தாகிட்ட ராத்திரி பூரா அழுவறே. மேனேஜர்கிட்டப் போயி ஒரு வார்த்தை கேட்டியா? "சார் பிசியா இருக்காருங்கப்பாரு." ம்.

உன்னையாட்ட எரியறவங்களுக்குன்னே இன்னொரு வெவரம். 2021-ல இருந்து ஒரு கம்பெனி வருசத்துக்கு இத்தனைதான் செலவு பண்ணோணும்னு வரம்பு வெச்சாங்க. நட்டு, போல்ட்டுக்கெல்லாம் கணக்கு. ஓட்டறவன் கூலி அந்தக் கணக்குல வராது. எழுதுனவனுக்கே தெரியும், யாரு கூலியில கை வெக்கலாம், யாரு கூலியில வெக்கப்படாதுன்னு. நீ கூட்டிப் பெருக்கறவன் பக்கமா, வெர்ஸ்டாப்பன் பக்கமான்னு யோசி.

ஆனா அவங்களுக்கும் வலி இருக்குது. ஜெயிக்க ஜெயிக்க லைசென்சுக்கு எச்சா அழுவோணும், ஒரு பாயிண்டுக்கு இத்தனை யூரோன்னு. அந்த 575 பாயிண்டுக்கு அடுத்த வருச லைசென்சு கிட்டத்தட்ட 12 லட்சம் யூரோ. நான் இட்டேறியில வண்டி பூட்டி ஓட்டுன காலத்துல போலீசுக்காரன் கூட இப்படிக் கேக்கலை.

எனக்குப் புடிச்ச கதை கிமி ராய்க்கோனன்தான். வாயைத் தொறக்காத பின்லாந்துக்காரன். 2012-ல லோட்டஸ் கம்பெனி அவனைக் கூட்டிட்டு வந்து, சம்பளம் போக, பாயிண்டுக்கு 50,000 யூரோன்னு பேசுச்சாம். ஊருக்கு ஊரு குடிச்சுட்டுத் திரியறவன், எத்தனை எடுத்துருவான்னு நெனைச்சாங்களோ என்னமோ. அவன் பாட்டுக்குப் பேசாம 207 பாயிண்ட் எடுத்துட்டான். பெருக்கிப் பாத்தா ஒரு கோடி யூரோவுக்கு மேல! அடுத்த வருசம், நவம்பர் பொறந்தும் ஒத்தை யூரோ கைக்கு வரலைன்னு அவனே வாயைத் தொறந்து சொல்ற நெலைமை. கடைசி ரெண்டு பந்தயத்துக்கு வரலை, முதுகுல ஆபரேசன்னு போயிட்டான். ஆள் நல்லா வேலை செஞ்சதுல பண்ணாடி திண்டாடுன கதையை நான் வேற எங்கயும் கேட்டதில்லை.

அடேய், மூணு பேஸ் கரண்டு வந்துருச்சு, மோட்டார் சத்தம் கேக்குது பாரு. எந்திரி. மம்பட்டி பொடக்காளியில இருக்குது. வாழைக்குத் தண்ணி திருப்போணும், 40 பாத்தி. சும்மா வேண்டாம், பாத்திக்கு அஞ்சு ரூபா தர்றேன். 40-உம் கட்டி முடிச்சீன்னா 200.

கையில இப்பக் காசு இல்லை. லோட்டஸ்காரன் மாதிரி எழுதி வெச்சுக்க.